பதினாறு வயதுப் பிள்ளையைக் கட்டட வேலைக்கு கோ-ஆப் அனுப்பலாமா?

ஸ்காபரோவில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் பதினோராம் வகுப்பு, வயது 16. பெப்ரவரியில் தொடங்கும் இரண்டாம் செமஸ்டரில் கோ-ஆப் (பள்ளிப் பாடமாகவே ஒரு வேலையிடத்தில் வேலை பழகும் திட்டம்) எடுக்கிறான். காலையில் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குப் பிறகு வீடு திருத்திக் கட்டும் கொன்ராக்டர் ஒருவரிடம் வேலை பழகப் போகிறான். அந்தக் கொன்ராக்டர் தகப்பனின் சிநேகிதர். "பிள்ளைக்கு ஆசை, எனக்குப் பயம். விடலாமா? விட்டால் எதைக் கவனிக்க வேண்டும்?" இதுதான் கேள்வி.

விடுங்கள். நான் தச்சு வேலையில் தொடங்கி இன்று வேலைத்தளங்களில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கோ-ஆப் பிள்ளைகள் பலர் என்னிடம் வந்து போயிருக்கிறார்கள். புத்தகத்தோடு ஒட்டாமல் இருந்த பிள்ளை, ஒரு சுவரை நேராக நிமிர்த்தி நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும்போது முகத்தில் வருகிற வெளிச்சம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அனுபவத்தை உங்கள் மகனுக்கு மறுக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் பயமும் நியாயமானது. ரொறன்ரோவில் உள்ள தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் பல வருடத் தரவுகளைப் பார்த்துச் சொன்ன ஒரு விஷயம் இது: ஒரு வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவருக்கு, அதே வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவரைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக, வேலைக்குப் போக முடியாத அளவு காயம் ஏற்படும் வாய்ப்பு இருக்கிறது. இது வயதைப் பற்றியது இல்லை. நாற்பது வயதில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் இதே கதைதான். கோ-ஆப் பிள்ளைக்கு ஒரு செமஸ்டர்தான் என்பதால் அவனுடைய காலத்தில் பெரும் பகுதி அந்த ஆபத்தான தொடக்க நாட்களாகவே போய்விடுகிறது.

பெற்றோர் பெரும்பாலும் நல்ல பூட்ஸும் ஹெல்மெற்றும் வாங்கிக் கொடுத்ததும் மனம் ஆறிவிடுகிறார்கள். அவை கட்டாயம் வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் நான் பார்த்த வரையில் இந்த வயதுப் பிள்ளைக்கு ஆபத்து வருகிற வழி வேறு. விளங்காததை "விளங்கவில்லை" என்று சொல்ல மாட்டான். தூக்க முடியாததை "முடியாது" என்று சொல்ல மாட்டான். பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசாதே என்று நாங்கள்தானே வளர்த்தோம்? அதோடு நல்ல பெயர் எடுக்க வேண்டும், கோடை விடுமுறைக்கும் கூப்பிடுவார்களா என்ற ஆசை வேறு. ஆகவே பிள்ளையின் தைரியத்தை நம்பி எதையும் விடக் கூடாது. அவன் வாயைத் திறக்க வேண்டிய தேவையே வராதபடி, அவன் போகும் முன்னரே பெரியவர்கள் பேசி முடித்திருக்க வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் நீங்கள் கூச்சமில்லாமல் கேட்பதற்கு உங்கள் கையில் இருக்கும் பிடி. ஒன்ராறியோவில் கட்டுமான வேலையில் 16 வயதுக்குக் குறைந்தவர்களை வைக்க முடியாது. உங்கள் மகன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். அவனுக்கு 15 வயதுத் தம்பி இருந்தால், "அண்ணனோடு சும்மா வரட்டும்" என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். அடுத்தது, 2014 நவம்பரில் இருந்து, பள்ளிச் சபை அங்கீகரித்த வேலைப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லாமல் வரும் உயர்பள்ளி மாணவரும் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு தொழிலாளி. "அவன் எங்களுடைய ஆள் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை" என்று எந்த முதலாளியும் கையை விரிக்க முடியாது. வருடக் கணக்கில் வேலை செய்பவருக்குக் கொடுக்கிற அதே பயிற்சி, அதே மேற்பார்வை, ஆபத்தான வேலையை மறுக்கிற அதே உரிமை அவனுக்கும் உண்டு. மறுத்ததற்காக அவனைத் தண்டிக்கவும் கூடாது.

வேலை தொடங்கும் முன் ஒரு வேலைக்கல்வி ஒப்பந்தம் உங்கள் கைக்கு வரும். மாணவர், பெற்றோர், வேலை கொடுப்பவர், பள்ளிக்கூடம் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பலர் அதைப் பள்ளிச் சுற்றுலாக் கடிதம் மாதிரிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். சம்பளம் இல்லாத கோ-ஆப் மாணவருக்கு டபிள்யு.எஸ்.ஐ.பி. (ஒன்ராறியோவின் வேலையிடக் காயக் காப்புறுதிச் சபை) காப்புறுதி கல்வி அமைச்சின் ஊடாக வருவது அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான். அதில் எந்த நாள், எந்த நேரம் என்று எழுதியிருக்கிறதோ அதற்குள் நடப்பதற்குத்தான் அது பொருந்தும். "இன்றைக்கு கொன்கிரீட் வருகிறது, எட்டு மணி வரை நில்லு" என்றோ "சனிக்கிழமையும் வா" என்றோ சொன்னால், முதலில் கோ-ஆப் ஆசிரியரிடம் சொல்லி எழுத்தில் மாற்ற வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு (ஒரு பாடத்துக்கான புள்ளி) 110 மணி நேரம். அதைச் சேர்க்க இரவிலும் வார இறுதியிலும் ஓட வேண்டிய தேவை இல்லை.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கொன்ராக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கலாம் என்றால் நான் இதைக் கேட்பேன்: "இவனை யார் பார்க்கப் போகிறார்?" பதில் ஒரு ஆளின் பெயராக இருக்க வேண்டும். "நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்தானே" என்று வந்தால் அதற்கு ஒருவரும் இல்லை என்று அர்த்தம். அந்த ஆள் நாள் முழுக்க அதே தளத்தில் நிற்பவராக இருக்க வேண்டும். கொன்ராக்டர் அநேகமாக அப்படி நிற்க மாட்டார். அவருக்கு மூன்று இடத்தில் வேலை நடக்கும், சாமான் வாங்க ஓடுவார், விலை கொடுக்கப் போவார். "அவர் இல்லாத நேரம் என்ன?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அந்த ஆள் லீவு எடுத்தால் பிள்ளையும் அன்று போகாமல் இருப்பதுதான் சரி. பிள்ளையைத் தனியாக ஒரு வீட்டில் விட்டு "இதைத் துப்புரவாக்கி வை, நான் இரண்டு மணித்தியாலத்தில் வருகிறேன்" என்று போவது சின்ன நிறுவனங்களில் சாதாரணமாக நடக்கும். அதை முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மேற்பார்வை என்றால் என்ன என்பதற்கு ஒரு உதாரணம். புது வீட்டில் மேல்தளம் போட்டு முடிந்திருக்கும், படி இன்னும் வந்திருக்காது. படி வரும் இடத்தில் பெரிய ஓட்டை, அதன் மேல் பிளைவூட் பலகை ஒன்று கிடக்கும். சட்டப்படி அந்தப் பலகையை அசையாமல் அடித்து, கீழே ஓட்டை இருக்கிறது என்று அதன் மேல் எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு தளத்தில் யாரோ அதைச் சும்மா போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கோ-ஆப் பையன் ஒருவனிடம் "கிடக்கிற பலகையெல்லாம் பொறுக்கி அந்த மூலையில் அடுக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் குனிந்து அந்தப் பலகையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, நெஞ்சுக்கு முன்னால் நிமிர்த்திவிட்டான். நாலடிக்கு எட்டடிப் பலகையை அப்படிப் பிடித்தால் காலடி தெரியாது. அடுத்த அடி முன்னால் வைத்தால் நேரே கீழ்த்தளம். நான் நாலடி தூரத்தில் நின்றதால் அவனுடைய உடுப்பைப் பிடித்து இழுக்க முடிந்தது. அவன் சொன்னதைச் சரியாகச் செய்தான், ஒரு பிழையும் விடவில்லை. பலகைக்குக் கீழே ஓட்டை இருக்கலாம் என்பது பத்து வீடு கட்டியவருக்குத் தெரியும், முதல் கிழமை வந்தவனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அடுத்து, அவன் என்ன செய்ய மாட்டான் என்பதைப் பேசி முடிக்க வேண்டும். என்ன செய்வான் என்பதைவிட இது முக்கியம். என்னுடைய சொந்தக் கணக்கைச் சொல்கிறேன். சில இடங்களில் இது சட்டத்தைவிட இறுக்கமாக இருக்கும்.

உயரம். மூன்று மீற்றருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் விழாமல் தடுக்கும் ஏற்பாடு இல்லாமல் ஒருவரும் வேலை செய்யக் கூடாது என்பது ஒன்ராறியோ விதி. திறந்த விளிம்பில் 2.4 மீற்றர் பள்ளம் இருந்தாலே கைபிடித் தடுப்பு வேண்டும். ஹார்னஸ் (விழாமல் தாங்கும் உடற்பட்டி) போட்டு வேலை செய்பவர் உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி எடுத்திருக்க வேண்டும்; அதற்குக் கிடைக்கும் அட்டை மூன்று வருடத்துக்குச் செல்லும். சில பள்ளிக்கூடங்கள் கட்டுமானப் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சியையும் கொடுத்து அட்டையும் வாங்கிக் கொடுக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அட்டை இருக்கிறது என்பதற்காகக் கூரையில் ஏற்ற வேண்டியதில்லை. என் தளத்தில் கோ-ஆப் பிள்ளை கூரைக்குப் போவதில்லை, அவ்வளவுதான். சாரத்தில் ஏறுவது, அதைக் கட்டுவது, கழற்றுவது எதுவும் இல்லை. ஏணியில் ஏறினால் இரண்டு கையும் வெறுங்கையாக இருக்க வேண்டும். கூரை ஓட்டுக் கட்டு ஒன்று அறுபது எழுபது இறாத்தல் வரும். அதைத் தோளில் வைத்து ஏணியில் ஏற்றுவது கூரைக்காரர்களிடம் ஒரு வீரம். பதினாறு வயதுப் பையன் அதைப் பார்த்தால் தானும் செய்து காட்ட நினைப்பான், அதனால் அந்த வேலையின் பக்கமே விடாதீர்கள்.

உயரம் என்றதும் எல்லோரும் கூரையை நினைப்பார்கள். திருத்தும் வீடுகளில் நான் கூடுதலாகப் பயப்படுவது கைபிடி இல்லாத பேஸ்மென்ற் படிக்கும், விரித்து வைக்கும் சின்ன ஏணியின் உச்சிப் படிக்கும்தான். அங்கே யாருக்கும் பயம் வருவதில்லை.

கிடங்கு, அதாவது தோண்டிய குழி. பேஸ்மென்ற்றுக்கு வெளியே தனி வாசல் வெட்டுவது, அத்திவாரத்துக்கு ஈரக்காப்புப் போடுவது எல்லாம் இப்போது எங்கள் ஆட்களின் வீடுகளில் நிறைய நடக்கிறது. 1.2 மீற்றருக்கு மேல் ஆழமான கிடங்கின் பக்கச் சுவர்களை முட்டுக் கொடுத்தோ சரிவாக வெட்டியோ பாதுகாக்காமல் உள்ளே இறங்கக் கூடாது. 1.2 மீற்றர் என்பது ஒரு பையனின் நெஞ்சுயரம். ஒரு கன மீற்றர் மண் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. இடுப்பு வரை புதைந்தாலே வெளியே இழுக்க முடியாது, நெஞ்சு வரை வந்தால் மூச்சு விட முடியாது. மகன் வீட்டுக்கு வந்து "இன்றைக்குக் கிடங்குக்குள் இறங்கி மண் அள்ளினேன்" என்று சொன்னால் அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக ஆசிரியருக்கு ஃபோன் எடுங்கள்.

தூசி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பாதுகாப்பான வேலை" என்று நினைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதே இதைத்தான். புதிதாக வந்தவன் கையில் எல்லோரும் விளக்குமாற்றைக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் பழைய சுவரை உடைக்க விடுவார்கள். ரொறன்ரோவில் பழைய வீடுகளில் தரை ஓடு, சுவர்ப் பூச்சு, குழாய்களைச் சுற்றிய உறை, மேல்மாடத்தில் கொட்டிய வெர்மிகியுலைற் (சூடு காக்கும் சிறு துகள்) என்று பல இடங்களில் அஸ்பெஸ்ரஸ் (மூச்சோடு போனால் நுரையீரல் நோய் தரும் நார்) இருக்கலாம். கனடா அதை முழுதாகத் தடை செய்ததே 2018இல்தான். உடைக்கும் முன் அது இருக்கிறதா என்று ஆராய்ந்திருக்க வேண்டும். கொன்கிரீட்டையும் செங்கல்லையும் வெட்டும்போது வருவது சிலிக்கா தூசி. தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சும் கருவி பூட்ட வேண்டும். காய்ந்த தூசியை விளக்குமாற்றால் கூட்டினால் அடங்கிக் கிடந்தது எல்லாம் மறுபடி மூச்சுக்குள் போகும். இந்த இரண்டும் இன்றைக்கு இருமலைக்கூடத் தராது, இருபது முப்பது வருடம் கழித்து நோயாக வரும். ஐம்பது வயதில் தொடங்கியவருக்கும் பதினாறில் தொடங்கியவனுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது: பதினாறு வயதுக்காரனுக்கு நோய் வந்து சேருவதற்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. ஆகவே கேளுங்கள்: "இந்த வீடு எப்போது கட்டியது? உடைக்கும் முன் அஸ்பெஸ்ரஸ் சோதித்தீர்களா?" பதில் திருப்தியாக இல்லையென்றால் உடைக்கும் கட்டம் முடிந்த பிறகு மகன் அந்த வீட்டுக்குப் போகட்டும்.

கருவிகள். ட்ரில், அளவு நாடா, சுத்தியல், மட்டம் பார்க்கும் கருவி எல்லாம் முதல் நாளில் இருந்தே பழகலாம். வட்ட வாளும் மேசை வாளும் வேண்டாம் என்பேன். நெயில் கன் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதில் இரண்டு விதமான விசை இருக்கிறது. ஒன்றில் விரலை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு முனையை மரத்தில் தட்டத் தட்ட ஆணி பாய்ந்துகொண்டே இருக்கும். வேகமான வேலைக்காரர் அதைத்தான் விரும்புவார். மற்றதில் முதலில் முனையை மரத்தில் அழுத்த வேண்டும், பிறகு விசையை இழுக்க வேண்டும், அடுத்த ஆணிக்கு விரலை எடுத்துவிட்டு மறுபடி இரண்டையும் செய்ய வேண்டும். முதல் வகையில் விரல் விசையில் இருக்க முனை தொடையில் முட்டினால் போதும், ஆணி உள்ளே. பின்னுதைப்பில் கை துள்ளி இரண்டாவது ஆணி எங்கோ போவதும் உண்டு. பயிற்சிக்கு வந்த பிள்ளை நெயில் கன் தொட வேண்டுமென்றால் இரண்டாம் வகையாக இருக்க வேண்டும், அதுவும் முதல் மாதம் முடிந்து, பக்கத்தில் ஒருவர் நின்று காட்டிக் கொடுத்த பிறகு. "உங்களுடைய நெயில் கன் எந்த விசை?" என்று நீங்கள் கேட்டால் கொன்ராக்டர் ஆச்சரியப்படுவார். ஆனால் இந்த வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் மனதில் பதியும்.

பாரம் தூக்குவதும் அப்படித்தான். சாதாரண நாலடிக்கு எட்டடி ட்ரைவோல் (உட்சுவருக்கு அடிக்கும் ஜிப்சம்) பலகை ஐம்பது இறாத்தல் அளவில் இருக்கும், நீளமான தடித்த பலகை நூறைத் தாண்டும். இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்பது பேச்சுக்கு இடமில்லாத விஷயம்.

சரி, இவ்வளவும் எழுதும்போது, "பெரிய ஆட்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாதா?" என்று தோன்றலாம். 2009 டிசம்பர் 24ஆம் தேதி, ரொறன்ரோவில் கிப்ளிங் அவெனியூவில் ஒரு அடுக்குமாடியின் பால்கனிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாம் மாடி உயரத்தில் தொங்கு மேடையில் ஆறு தொழிலாளர்கள். உயிர்காக்கும் கயிறு இரண்டுதான் இருந்தது. மேடை உடைந்து ஐந்து பேர் விழுந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். சரியாகக் கயிற்றில் பூட்டியிருந்தவர் அந்தரத்தில் தொங்கிப் பிழைத்தார். இறந்தவர்கள் எல்லோரும் வளர்ந்த மனிதர்கள், எங்களைப் போலவே வேறு நாடுகளில் இருந்து வந்து கிடைத்த வேலையைச் செய்தவர்கள். கயிறு போதாது என்பது அங்கே பொறுப்பாக இருந்த திட்ட மேலாளருக்குத் தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் கண்டது. 2016இல் அவருக்கு மூன்றரை வருடச் சிறை விதித்தார்கள். உயரத்தில் வேலை செய்யும் கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்ற விதி 2015 ஏப்ரலில் வந்ததற்கு அந்த விபத்து ஒரு பெரிய காரணம். வளர்ந்தவர்களே வேலை போய்விடும் என்று பேசாமல் ஏறுகிற தொழில் இது. அங்கே உங்கள் மகன் துணிந்து மறுப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

அதனால் அவனுக்கு மறுக்கச் சொல்லிக் கொடுப்பதைவிட, சொல்ல இலகுவான இரண்டு வசனங்களைக் கொடுத்து அனுப்புங்கள். ஒன்று, "இதை எனக்கு இன்னும் ஒருவரும் காட்டித் தரவில்லை." இதில் மறுப்பு இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை, வெறும் உண்மை. நல்ல வேலைக்காரர் உடனே நின்று காட்டிக் கொடுப்பார். மற்றது, "டீச்சர் அந்த வேலை கூடாது என்று எழுதித் தந்திருக்கிறா." பழியை ஆசிரியர் மேல் போடலாம், அவர்கள் கோபிக்க மாட்டார்கள். இதை வீட்டில் இரண்டு தரம் சத்தமாகச் சொல்ல வையுங்கள், இங்கிலீஷிலும் சொல்லட்டும். பிள்ளை சிரிப்பான், பரவாயில்லை. வாயில் ஒருமுறை வந்த வசனம்தான் அந்த நேரத்தில் திரும்பவும் வரும்.

இனி உங்கள் கேள்வியில் நான் அதிகம் யோசித்த பகுதி: கொன்ராக்டர் தகப்பனின் சிநேகிதர். நீங்கள் அதை ஆறுதலாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது கவனமாக இருக்க வேண்டிய விஷயமாகத்தான் படுகிறது. பெரிய நிறுவனத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், தொழிலாளர் அமைச்சின் பரிசோதகர் வருவார், முதல் நாள் பயிற்சிக்கு ஒரு முறை இருக்கும். நாலு பேர் வேலை செய்யும் வீட்டுத் திருத்த வேலையில் இவை அநேகமாக இருக்காது. அதற்கு மேல், தெரிந்தவரிடம் கேட்கக் கூச்சம். "அவரை நம்பவில்லை என்று நினைப்பார்" என்று அப்பா தடுப்பார். பிள்ளைக்கோ அவர் "அங்கிள்". அங்கிள் கூரையில் ஏறச் சொன்னால் எப்படி மாட்டேன் என்பது? கூச்சத்தைப் போக்க ஒரு வழி, இந்தக் கேள்விகளைக் கோ-ஆப் ஆசிரியர் மூலம் கேட்க வைப்பது. பிள்ளையை அனுப்பும் முன் வேலையிடத்தைப் பார்த்து மதிப்பிடுவது அவருடைய பொறுப்பு. நீங்கள் கவலைப்படும் விஷயங்களை எழுதி அவருக்கு அனுப்பினால் அவர் அதை அலுவல் முறையில் கேட்பார், சிநேகிதமும் கெடாது. பிறகு அப்பா ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, "மச்சான், கூரைக்கும் கிடங்குக்கும் மட்டும் அவனை விடாதே" என்று சொன்னால் போதும். நல்ல மனிதர் என்றால் அவருக்கும் அது நிம்மதி. தெரிந்தவர் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால் என்ற பயம் அவருக்கும் இருக்கத்தானே செய்யும்.

பூட்ஸ் வாங்கும்போது பச்சை முக்கோண அடையாளம் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். விரல்களுக்கு மேல் உறுதியான மூடியும், ஆணி துளைக்காத அடிப்பாகமும் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அப்பாவின் பழைய பூட்ஸை இரண்டு சோடி சொக்ஸ் போட்டு அனுப்ப வேண்டாம். பெரிய பூட்ஸ் ஏணியில் இடறும். கையுறையும் அவனுடைய கைக்கு அளவாக இருக்கட்டும். பெப்ரவரியில் தொடங்குவதால் இன்னொன்று: உறைபனி படிந்த பலகையும் ஏணிப் படியும் கண்ணுக்கு ஈரம் மாதிரித்தான் தெரியும். கை விறைத்தால் பிடி தளரும். மெல்லிய உடுப்புகளாக மூன்று அடுக்கு, மாற்றுக் கையுறை ஒன்று, சூடான குடிபானம். காதில் இயர்பட் போடக் கூடாது. வான் வண்டியைப் பின்னோக்கி எடுப்பவர் கத்துவது கேட்க வேண்டும்.

முதல் நாளுக்கு முன் அவன் தொழிலாளர் அமைச்சின் நான்கு படி விழிப்புணர்வுப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 2014 ஜூலையில் இருந்து ஒன்ராறியோவில் எந்தத் தொழிலாளிக்கும் அது கட்டாயம். இணையத்திலேயே செய்யலாம். ஆனால் அது பொதுவான பயிற்சி. முதல் நாள் தளத்தில் ஒருவர் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்து, முதலுதவிப் பெட்டி எங்கே, தீயணைப்பான் எங்கே, எந்த வாசலால் வெளியே ஓடுவது, எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று காட்ட வேண்டும். அன்று இரவு நீங்கள் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு நீ நின்ற வீட்டின் விலாசம் என்ன?" பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியிருப்பார்கள். மூத்த ஆள் விழுந்து கிடந்தால் 911க்கு அழைக்கப் போவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். எங்கே வரச் சொல்வான்? தளம் மாறுகிற ஒவ்வொரு முறையும் விலாசத்தை ஃபோனில் குறித்து, உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

வீட்டில் கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். "எப்படிப் போனது?" என்றால் "ஓகே" என்பான். "இன்றைக்கு என்ன கருவி பிடித்தாய்? யாரோடு நின்றாய்? உயரத்தில் யாராவது ஏறினார்களா?" என்று கேட்டால் கதை வரும். பயப்படும்படி ஒன்றைச் சொன்னால் அந்த நிமிடமே கத்தாதீர்கள். ஒருமுறை கத்தினால் அதற்குப் பிறகு செமஸ்டர் முடியும் வரை ஒன்றும் சொல்ல மாட்டான். சின்னக் காயமானாலும், விரலில் வெட்டு, கண்ணில் தூசி எதுவானாலும், மேற்பார்வை செய்பவருக்கும் ஆசிரியருக்கும் அன்றே தெரியப்படுத்த வேண்டும். "அங்கிள் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார், சொல்ல வேண்டாம் என்றார்" என்பது நல்ல அறிகுறி இல்லை. பின்னால் அந்தக் காயம் பெருத்தால், பதிவு இல்லாமல் காப்புறுதிக்கு விண்ணப்பிப்பது கஷ்டம்.

நீங்கள் மகனைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனால் இதை மகள்மாரின் பெற்றோரும் வாசிப்பார்கள். பெண் பிள்ளைகள் இப்போது மின்வேலைக்கும் தச்சு வேலைக்கும் ஆசையாக வருகிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். மேலே சொன்ன எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். அதோடு துப்புரவான கழிவறை எங்கே இருக்கிறது, அவளுடைய அளவில் ஹார்னஸும் கையுறையும் உடுப்பும் இருக்கிறதா, அவளைப் பார்க்கும் ஆள் ஒருவரோடு மட்டும் பூட்டிய வீட்டில் தனியாக நிற்க வேண்டி வருமா என்பதையும் கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்வியை மகனுக்கும் கேட்கலாம். கேலி, தொந்தரவு, தகாத பேச்சு எல்லாம் வேலையிடச் சட்டத்துக்குள்தான் வருகின்றன, பொறுத்துப் போக வேண்டிய "சைற் பகிடி" என்று ஒன்றில்லை.

கடைசியாக, செமஸ்டர் முடிந்ததும் "ஜூலை ஓகஸ்ற்றில் கையில் காசு தருகிறேன், வா" என்று அழைப்பு வரும். வேலை நன்றாகச் செய்தான் என்பதற்கு அது அத்தாட்சி, சந்தோஷப்படுங்கள். ஆனால் கோ-ஆப் முடிந்த அன்றே பள்ளிக்கூடத்தின் காப்புறுதியும் முடிகிறது. கோடையில் போவதென்றால் சம்பளப் பதிவோடு, அந்த நிறுவனத்தின் சொந்த டபிள்யு.எஸ்.ஐ.பி. கணக்கின் கீழ் போக வேண்டும். அந்தக் கணக்கு இப்போதும் நடப்பில் இருக்கிறது என்பதற்கான சான்றிதழ் ஒன்று உண்டு. பெரிய வேலைகளுக்கு விலை கொடுக்கும்போது கொன்ராக்டர்கள் அதைக் காட்டித்தான் வேலை எடுக்கிறார்கள். உங்களுக்கும் ஒரு பிரதி தரச் சொல்லுங்கள்.